காலமானவர் வாங்கிய சிக்கரி

"மோந்து பாக்கச் சொன்னாங்களா? படத்தையா?"

"படத்தைத் தன்னே. 'நாலாமத்த படத்தை மோந்து பாரு, அவ அப்பா செத்தாரா இல்லையான்னு தெரியும்.' அவ்வளவுதான் சொன்னது. பின்னே போனை வச்சிட்டாங்க."

"நீங்க மோந்து பாத்தீங்களா சார்?"

"எப்படிப் பாக்கும்? முன்னால கண்ணாடி இருக்கே."

கேட்டவன் லிங்கராஜ். பதில் சொன்னவர் ராகேஷ். மியூசியம் போகும் சாலையில் ஒரு பழைய பங்களாவின் கீழ்த்தளத்தில் ஓவியக்கூடம் நடத்துகிறவர். ஆனி மாத மழை அந்தப் பங்களாவின் கூரையை நன்றாக அறிந்து வைத்திருந்தது. வடகிழக்கு மூலையில் ஒழுகியது. அங்கே வைத்திருந்த நீல வாளியைப் போன வாரம் வந்த சில பார்வையாளர்கள் சுற்றி நின்று படமெடுத்து, அதற்கு என்ன தலைப்பு என்று கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து வாளி நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது. மூலை ஒழுகியபடி இருந்தது.

இருவருக்கும் நடுவே பேசாமல் நின்றவள் ஷைலஜா. ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்தவள். செத்துப்போனதாகச் சொல்லிக் குடும்பத்தார் பணம் கேட்ட ஆசாமிகளைச் சந்தையிலும் சினிமாத் தியேட்டரிலும், ஒருமுறை ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக் கோலத்திலும் கண்டுபிடித்துக் கையோடு கூட்டி வந்தவள். பிறகு வேலையை விட்டு, சாலை என்னும் பழைய கடைத்தெருவில் மாடி அறை ஒன்றைப் பிடித்து, துப்பறியும் ஏஜென்சி என்று போர்டு மாட்டினாள். அந்த ஏஜென்சியின் மற்ற எல்லாப் பதவிகளும் லிங்கராஜுடையவை. வள்ளியூர்ப் பக்கமிருந்து மலையாளக் கரைக்குக் கட்டட வேலைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை. இங்கேயே பிறந்து வளர்ந்தவன். முன்பு ஒரு சைவ ஹோட்டலில் காப்பி மாஸ்டராக இருந்தான். காப்பியை ஆற்றுவதைவிட வாடிக்கையாளர்களோடு பேசுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டான் என்று அனுப்பிவிட்டார்கள். அவன் கதைப்படி, அந்த ஹோட்டல் அவனுக்குத் தகுதியில்லாமல் போயிற்று.

ராகேஷின் சங்கடம் இதுதான். சுவர் முழுக்கத் தொங்குகிற படங்களெல்லாம் மாளவிகா என்ற இளம்பெண்ணுடையவை. கொலாஜ் வகை. பலகையில் சாக்கை இழுத்து ஒட்டி, அதன்மேல் காகிதத் துண்டு, புடவைக் கிழிசல், நூல் என்று அடுக்கடுக்காகப் பதித்து, மேலே பழுப்புச் சாயத்தை ஓட விடுவாள். அவள் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவள் என்றும், சிறுவயதில் லயத்தின் மீது மரம் விழுந்து அப்பா இறந்தார் என்றும், அவர் சுமந்த தேயிலைச் சாக்குகளையே அவள் தன் தாய்மடியாக வரித்துக்கொண்டாள் என்றும் கேட்டலாக் சொன்னது. தேயிலைச் சாயத்தைக் 'குருதியின் பழுப்பு மௌனம்' என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்தார். லிங்கராஜ் அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, தன் குருதியைத் தொட்டுப் பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருக்கும் ஓர் அறக்கட்டளை அவளுக்கு விருது தருகிறது. அதற்கு முன்னால், காலையில், திருவல்லத்து ஆற்றங்கரையில், அம்மா இத்தனை வருடம் பொத்திப் பாதுகாத்த அப்பாவின் அஸ்தியை மாளவிகா காமிராவுக்கு முன்னால் கரைக்கப் போகிறாள். மலையில்தான் கரைப்பதாக இருந்தது. மழையில் காமிராவை மலைக்கு ஏற்ற முடியாது என்று படக்குழு சொல்லிவிட்டதால், துக்கம் கீழே இறங்கி வந்துவிட்டது. அஸ்திக் கலசம் நடுக்கூடத்தில், வாளிக்குப் பக்கத்தில், வெல்வெட் பீடத்தின் மேல் இருந்தது.

இந்த நேரம் பார்த்து அநாமதேயப் போன். பெண் குரல், வாயில் துண்டை வைத்துப் பேசியதுபோல. முதல் தடவை சொன்னது, அவள் அப்பா சாகவில்லை, அஸ்தியைக் கரைக்காதே என்று. ராகேஷ் சட்டை பண்ணவில்லை. இரண்டாம் தடவைதான் மோந்து பார்க்கச் சொன்னது.

ஷைலஜா முதன்முறையாக வாயைத் திறந்தாள். கூப்பிட்டவள் வேறு எதுவும் கேட்டாளா என்றாள். இல்லை. மிரட்டினாளா? அதுவும் இல்லை. பத்திரிகைக்குப் போவதாகச் சொன்னாளா? சொல்லவில்லை. அஸ்தி வேண்டாம், அது ஒன்றுதான்.

"அது யாருன்னு நாளைக்கு முன்னே எனக்குத் தெரியணும் மேடம்," என்றார் ராகேஷ். "பேரு மட்டும் போதும்."

ஷைலஜா தலையை ஆட்டிவிட்டு, நான்காவது படத்தின் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். ராகேஷ் திடுக்கிட்டார். படங்கள் மாளவிகாவிடமிருந்து வரும்போதே கண்ணாடி போட்டு, பின்பக்கம் டேப் ஒட்டி மூடித்தான் வரும், இதுவரை யாரும் பிரித்ததில்லை, ஓவியத்தின் ஆன்மா கலைந்துவிடும் என்றார். ஆன்மா வெளியே போனால் பிடித்து உள்ளே விட்டுவிடுவதாக லிங்கராஜ் உத்தரவாதம் தந்தான். கூடத்துப் பணியாளர் ஜெயன் வந்து டேப்பைக் கிழித்து, கண்ணாடியை எடுத்தார்.

'அப்பாவின் மலை' என்பது படத்தின் பெயர். பழுப்பு நிறம் சாக்கில் ஊறி ஊறி, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டின் கடற்கரைபோல ஓரங்கள் கருத்திருந்தன. அந்த நாட்டின் குறுக்கே ஒரு வெள்ளை நூல் நதியாக ஓடியது. லிங்கராஜ் மூக்கைக் கொண்டுபோய் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். பழைய காதலியைப் பஸ்ஸில் பார்த்தவனின் முகம் வந்தது அவனுக்கு.

"சேச்சி, இது தேயிலை இல்லை. காப்பியாக்கும். டிக்காஷன். அதும் சிக்கரியை வாரி இறைச்ச டிக்காஷன்."

"நிச்சயமா?"

"என்னை வேலையை விட்டுத் தூக்குனவங்களே இந்த விஷயத்துல என்னைக் குறை சொல்ல மாட்டாங்க."

ஷைலஜா நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டலாக் அதைச் 'சாக்குத் தைக்கும் நூல், உழைக்கும் வர்க்கத்தின் தினசரித் தையல்' என்றது. அவள் விரல் நுனியால் அதை லேசாகத் தூக்கினாள். மூன்று புரி. ஓரிடத்தில் சின்ன முடிச்சு. மற்ற படங்களுக்குப் போனாள். கூடத்தில் வருடவாரியாக மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வருடத்துப் படத்திலும் அதேபோல ஒரு நூல், அதே முடிச்சு. ஒரு வருடம் நதி, ஒரு வருடம் வேலி, ஒரு வருடம் மின்னல்.

"இது என்ன நூல் லிங்கா?"

அவன் குனிந்து பார்த்தான். "இதைப் போட்டுக்கிட்டுத் தேயிலைச் சாக்கு தூக்குன யாரையும் நான் பாத்ததில்லை சேச்சி. பூணூல்."

"வருஷத்துக்கு ஒண்ணு."

"ஆமா. ஆவணி அவிட்டத்துக்குப் பழசைக் கழட்டிப் புதுசு போடுவாங்கல்லா."

"செத்துப் போனவங்க மாத்துவாங்களா?"

லிங்கராஜ் கலசத்தைத் திறந்து அதையும் மோந்து பார்த்தான். ஊதுபத்திச் சாம்பல். சந்தனம். ராகேஷ் பதறி மூடியை வாங்கி மூடினார். கலைஞர்களின் வழிகள் விசித்திரமானவை என்றும், எது எதன் குறியீடு என்பது முக்கியமில்லை என்றும், போன் பண்ணினவள் யாரென்று மட்டும் கண்டுபிடித்தால் போதும் என்றும் மறுபடி சொன்னார்.

வாசலில் ரெயின்கோட்டை மாட்டிக்கொள்ளும்போது ஷைலஜா கேட்டாள். "அவரு ஒரு கேள்வி மட்டும் கேக்கவே இல்லை. கவனிச்சியா?"

"என்ன கேள்வி?"

"அவ அப்பா உயிரோட இருக்காரான்னு."

லிங்கராஜ் யோசித்தான். தன் வீட்டில் தங்கியிருப்பவர் திருடர் என்று யாராவது போனில் சொன்னால், மனிதன் முதலில் பதறி, அது நிஜமா என்றுதான் கேட்பான். சொன்னது யார் என்று மட்டும் கேட்பவன், திருட்டில் கூட்டு. இதை அவன் ஷைலஜாவிடம் தன் சொந்தக் கண்டுபிடிப்புபோலச் சொன்னான். அவளும் பெருந்தன்மையாக அப்படியே ஏற்றுக்கொண்டாள்.

ஷைலஜாவின் ஸ்கூட்டர் கரமனைக்குத் திரும்பியது. பூணூலும் டிக்காஷனும் ஒரே வீட்டில் இருக்க வேண்டுமானால், அந்த வீடு கரமனையின் அக்ரஹாரத் தெருக்களில்தான் இருக்கும் என்பது லிங்கராஜின் கட்சி. ஆனால் அங்கே எல்லா வீட்டிலும் இரண்டும் உண்டே என்றாள் ஷைலஜா. மூன்றாவதும் ஒன்று இருக்கிறது, அது எல்லா வீட்டிலும் இராது என்றான் அவன். சிக்கரி. அந்தத் தெருக்களில் ஒருவரைத் திருடன் என்று சொன்னால்கூடச் சமாதானம் பேசலாம், உங்கள் காப்பியில் சிக்கரி என்று சொன்னால் அடுத்த தலைமுறையும் மன்னிக்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் வாரி வாரி சிக்கரி வாங்கினால், அரைத்துக் கொடுத்தவருக்கு மறக்குமா?

மறக்கவில்லை. பாலத்துக்கு இப்பால் காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடையில் முத்தாரம்மாள் இருந்தாள். தன் கல்யாணத்துக்குக் கலப்பில்லாத காப்பித்தூள் வேண்டும், நல்ல இடமாகச் சொன்னார்கள் என்று லிங்கராஜ் ஆரம்பித்தான். மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அவன் பெண்வீட்டாரின் பெருமையை அளந்துகொண்டிருந்தபோதே, இந்தக் காலத்தில் கலப்பில்லாமல் யார் குடிக்கிறார்கள் என்று ஒரு பெருமூச்சை வேறு விட்டான். அது போதும். முத்தாரம்மாள் மெஷினை நிறுத்திவிட்டாள்.

ஒருத்தரும் இல்லைதான், என்றாள். நாகேஸ்வரன் சாரே மாறிவிட்டார் என்றால் வேறு யாரை நம்புவது? கவர்மென்ட் ஆபீசில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். பீபெர்ரிக் கொட்டையும் பிளான்டேஷன் கொட்டையும் பாதிக்குப் பாதி, அதில் ஒரு தூசி விழக் கூடாது என்று மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று அரைத்து வாங்குகிறவர். சில வருடமாக என்ன கஷ்டமோ, அதோடு தனியாக ஒரு பொட்டலம், பாதிக்கு மேல் சிக்கரி போட்டு, நன்றாகச் சாயம் இறங்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போகிறார். கடையில் தெருக்காரர் யாராவது நின்றால் உள்ளே வருவதில்லை. எதிரில் மருந்துக்கடையில் நின்று இருமல் மருந்து விலை கேட்டுக்கொண்டிருப்பார்.

"பெண்டாட்டி போனப்பறம் மனுஷனுக்கு நாக்கு செத்துப் போச்சு போல," என்றாள் முத்தாரம்மாள். "மோளும் அவருமாத்தான். வேற ஆளில்லை."

மகள் பெயரை அவளே சொன்னாள். வீட்டையும் கை காட்டினாள்.

செத்தவர்கள் ஷைலஜாவைப் பார்த்தால் வழக்கமாகப் பின்வாசல் வழியாக ஓடுவார்கள். அதனால் லிங்கராஜைக் கொல்லைப் பக்கம் நிறுத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தாள், பழக்கதோஷம். அதற்குள் கதவு திறந்தது. வெற்று மார்பில் துண்டு போட்ட, ஒல்லியான, கண்ணாடி போட்ட ஒரு மனிதர். துண்டுக்குக் கீழே பூணூல் தெரிந்தது. இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். ஷைலஜாவின் கையிலிருந்த கேட்டலாக்கைப் பார்த்தார்.

"துக்கம் விஜாரிக்க வந்தேளா? உள்ளே வாங்கோ. நான்தான் காலமானவர்."

லிங்கராஜ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினான். அவனுக்கு அது அபூர்வம்.

நாகேஸ்வரன் அவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, கேட்காமலே காப்பி கலந்து கொண்டுவந்தார். தான் இறந்த செய்தி தனக்குத் தெரிந்த விதத்தை அவர் ஒளிக்கவில்லை. பாலக்காட்டில் அவருடைய பங்காளி ஒருவர் இருக்கிறார். பேப்பரில் மாளவிகாவின் படத்தையும், தந்தையின் அஸ்தியை ஆற்றில் கரைக்கிறாள் என்ற செய்தியையும் பார்த்திருக்கிறார். அஸ்தியை இருபது வருடம் வைத்திருப்பார்கள் என்று அந்தக் குடும்பத்தில் யாருக்குத் தோன்றும்? இப்போது கரைக்கிறார்கள் என்றால் இப்போதுதான் போயிருக்கிறார். சேதி சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று கோபம் ஒரு பக்கம். தீட்டு ஒரு பக்கம். தலைக்குக் குளித்து, பூஜையை நிறுத்தி, வாரக் கடைசியில் வைத்திருந்த பிள்ளையின் பூணூல் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, பந்தலுக்கும் சமையலுக்கும் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டு, அதன்பிறகு திட்டுவதற்காகப் போன் பண்ணியிருக்கிறார்.

"யாரு பேசறதுன்னான். நான்தான்டா பேசறேன்னேன். வெச்சுட்டான்," என்றார் நாகேஸ்வரன். "அப்பறம் அவன் ஆத்துக்காரி கூப்பிட்டா. நான் இருக்கறதைக் கேட்டு அவாளுக்கு சந்தோஷமா, பந்தல் போனது வருத்தமான்னு எனக்கு இன்னும் புரிபடல்லை."

அதன்பிறகு அவர் கடைக்குப் போய் அந்தப் பேப்பரை வாங்கிப் படித்தார். தன்மேல் மரம் விழுந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டார். மகளிடம் கேட்கவில்லை. மகளும் சொல்லவில்லை. மூன்று வேளையும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

படங்களைப் பார்த்திருக்கிறாரா என்று ஷைலஜா கேட்டாள். இல்லை. விழிஞ்ஞத்தில் துறைமுகத்துக்கு மேலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து அங்கேதான் அவள் வேலை செய்கிறாள். யாரையும் உள்ளே விடுவதில்லை. முடியட்டும் அப்பா, காட்டுகிறேன் என்பாள். தினமும் ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறைய டிக்காஷன் மட்டும் கேட்பாள். கறுப்பாக, பால் சர்க்கரை இல்லாமல். சாயம் போதவில்லை, சிக்கரி போடுங்கோ என்று அவளேதான் சொன்னாள். கடற்காற்றில் உட்கார்ந்து இவ்வளவு காப்பி குடித்தால் உடம்பு என்னத்துக்காகும் என்று அவருக்குக் கவலை.

"குடிக்கலை சார்," என்றான் லிங்கராஜ். "படத்து மேல ஊத்துதாங்க. சுவிட்சர்லாந்துல அதை ரத்தம்ங்காங்க."

நாகேஸ்வரன் நீளமாக அவனைப் பார்த்தார். கேட்டலாக்கை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. பழுப்புக்கு நடுவே ஒரு நீலப் புடவைத் துண்டு.

"இது சுப்புலக்ஷ்மியோடது. என் ஆத்துக்காரி," என்றார். "அவ காலமான வருஷந்தான் மாளு இப்படித் துண்டு துண்டா ஒட்ட ஆரம்பிச்சா. பீரோக் கதவுல, சுவர்ல. நான் ஒண்ணும் சொல்லல்லை."

அப்போதுதான் வாசலில் குடை மடங்கியது. மாளவிகா நனைந்த பாவாடை நுனியைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தாள். கையில் ஃபிளாஸ்க். அப்பாவின் மடியில் கேட்டலாக்கைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஷைலஜா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். ராகேஷ் அனுப்பியதாகச் சொன்னாள். அநாமதேயமாகப் போன் பண்ணும் பெண்ணைக் கண்டுபிடிக்க வந்ததாகவும், கண்டுபிடித்துவிட்டதாகவும் சொன்னாள். லிங்கராஜுக்கு இது செய்தி. அவன் மனசுக்குள் முத்தாரம்மாளை, பங்காளியின் மனைவியை, விழிஞ்ஞத்து அறையை வாடகைக்கு விட்டவளை வரிசையாக நிறுத்திப் பார்த்தான். யாருக்கும் பொருந்தவில்லை.

"யாரு சேச்சி?"

"படம் கண்ணாடிக்குள்ள மூடித்தான் அங்க வருது. ராகேஷ்கூட மோந்ததில்லை. அப்பாவும் பாத்ததில்லை. அறைக்குள்ள வேற யாருக்கும் அனுமதி இல்லை. அப்ப அதுக்கு மணம் உண்டுன்னு யாருக்குத் தெரியும்?" ஷைலஜாவின் குரல் உயரவில்லை. "அதோட, விரோதின்னா பத்திரிகைக்குப் போவா. இவ போகலை. மரம் விழுந்ததைப் பத்தி ஒண்ணும் சொல்லலை, லயத்தைப் பத்திச் சொல்லலை. விருது இருக்கட்டும், அஸ்தி மட்டும் வேண்டாம்னு கேக்கறா. அப்படிப் பாதி மட்டும் கேக்க யாரால முடியும், மாளவிகா?"

மாளவிகா ஃபிளாஸ்கைக் கீழே வைத்தாள். மறுப்பாள் என்று லிங்கராஜ் எதிர்பார்த்தான். ஒரு பாக்கெட் நாவலில் இந்த இடத்தில் குற்றவாளி கத்தியை எடுக்க வேண்டும். இவள் தலையைத் துவட்டத் துண்டைத் தேடினாள்.

பிறகு சொன்னாள். கலைக் கல்லூரி முடித்துவிட்டு முதல் படங்களோடு போனபோது ராகேஷ் ஊரைக் கேட்டார். கரமனை என்றாள். கரமனையில் என்ன காயம் இருக்கிறது, அங்கே இருக்கிறவளுக்கு யார் விருது கொடுப்பார்கள் என்றார் அவர்.

"ரசத்துல உண்டே," என்றான் லிங்கராஜ், தன்னையறியாமல். ஷைலஜா பார்த்த பார்வையில் அடங்கினான்.

"அம்மா போனதைச் சொன்னேன்," என்றாள் மாளவிகா. "ஆஸ்பத்திரியில போனான்னேன். அது சாதாரணம்னார். சாக்கு எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டார். காலேஜ் டூர்ல போனக்காடு போனப்போ பாழடைஞ்ச ஃபாக்டரில பொறுக்கினதுன்னேன். அதோட அவர் எழுத ஆரம்பிச்சுட்டார். நான் தலையை ஆட்டினேன். அது என் தப்பு. படத்தை மாட்ட ஒரு எடம் கிடைச்சாப் போறும்னு இருந்தது."

அப்புறம் மறுக்கப் பார்த்தாள். ஒரு பேட்டியில் தன் அப்பா உயிரோடு இருக்கிறார், ரிட்டயர் ஆகி வீட்டில் குறுக்கெழுத்துப் போடுகிறார் என்று வெளிப்படையாகவே சொன்னாள். 'இழப்பை ஏற்க மறுக்கும் இவர், தந்தையைப் பற்றி இன்னமும் நிகழ்காலத்தில்தான் பேசுகிறார்' என்று அச்சாகி வந்தது. படித்துவிட்டு இரண்டு பேர் அழுததாக அவளுக்கே எழுதினார்கள். கல்லூரியில் கூடப் படித்தவள் ஒருத்தி, அப்பாவை நேரில் பார்த்தவள், அந்தப் பேட்டியைப் படித்துவிட்டு எப்போது நடந்தது என்று விசாரித்தாள்.

மரம் விழுந்ததைக்கூடச் சகித்துக்கொண்டாள். அது காகிதத்தில் நடந்தது. அஸ்தி அப்படியில்லை. ஈரத்துணி கட்டிக்கொண்டு, தர்ப்பையை விரலில் போட்டுக்கொண்டு, மனிதர் இங்கே காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் பேரையும் கோத்திரத்தையும் சொல்லி ஆற்றில் விட வேண்டும். வாத்தியாரைக்கூட ராகேஷ் ஏற்பாடு பண்ணிவிட்டார். இரண்டு டேக் எடுப்பார்களாம். மாட்டேன் என்று நேரில் சொன்னாள். கரைக்காவிட்டால் விருது இல்லை, இதுவரை எழுதினது எல்லாம் பொய் என்று நீயேதான் போய்ச் சொல்ல வேண்டும், அப்புறம் உன் படத்தை ஒருத்தர் சுவரிலும் மாட்ட மாட்டார்கள் என்றார். பயந்தால் அவரே நிறுத்துவார் என்று வாயில் துண்டை வைத்துக்கொண்டு போன் பண்ணினாள். பயந்துதான் போனார். நிறுத்துவதற்குப் பதிலாக டிடெக்டிவ் வைத்தார்.

"இப்ப என் பேரைச் சொல்லப் போறேளா?" என்றாள்.

 ஷைலஜாவின் பழைய தொழிலில், செத்தவர்களை உயிரோடு கொண்டுபோய்க் கம்பெனி வாசலில் நிறுத்தும்போது, கூடவே ஒரு குடும்பம் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துத்தான் வேலையை விட்டாள். ராகேஷுக்கு ஒரு பெயர் தர வேண்டும். இருப்பது ஒரே பெயர். லிங்கராஜ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காலி டம்ளர்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான்.

மாளவிகா அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. கோபமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருப்பவள்போலத் தரையைப் பார்த்து நின்றாள். நாகேஸ்வரன் நீலத் துண்டு இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அச்சில் நிறம் மாறியிருக்கிறதா, இல்லை தனக்கு மறந்துபோயிற்றா என்று தீர்மானிக்க முடியாதவரைப்போல, அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து, மறுபடி பக்கத்தில் கொண்டுவந்தார். வெளியே மழை வலுத்தது.

"மாளூ," என்றார். "அந்தச் சாம்பல்ல நான் இல்லைன்னு எனக்குத் தெரியும். நீ கரைக்கணும்னா கரைச்சுக்கோ, வேண்டாம்னா விட்டுடு. அதை நான் கேக்கல்லை." கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "நாளைக்குச் சாயங்காலம் விருதுக்கு என்னைக் கூட்டிண்டு போறயா? எல்லாப் படத்தையும் ஒரு தரம் பாக்கணும். கடைசி வரிசையில நின்னுக்கறேன். யாரு என்னன்னு எவன் கேட்டாலும், சும்மா மழைக்கு ஒதுங்கினேன்னு சொல்லிடறேன்."